லாஸ் புல்வெளியை அறுப்பது யார்?

பொத்லாஸ்,
7 ஜூலை 2002

அன்புத் தம்பி ரமிஸுக்கு,

அக்கா ஹஸ்னியாவின் ஸலாம். நானும் ஆடுகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் பெஹியாவுக்கு அந்த மருத்துவமனை வேலை ஒத்துக்கொண்டதா? உங்கள் வெளிநாட்டுக் கிராட்ஸில் எல்லாமே கிடைக்கும் என்பாள். நம் ஊர்ப் பாலாடை மட்டும் கிடைக்காது என்று பெருமூச்சு விடுவாள். யாராவது வண்டியில் வந்தால் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசிக் கம்பி இந்தக் கோடையிலும் வராதாம். ஆகவே கடிதம்தான்.

போரின்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஃபெஹிமைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. காணாமல்போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அவருடைய அண்ணனிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். எலும்பு எங்காவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். பத்து வருஷமாக மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் இருக்கிறேன். இனிமேல் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஒரு வேடிக்கை கேள். தலைநகரத்திலிருந்து யத்ராங்கா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் பூச்சி படித்தவளாம். பகலில் பறக்கும் அந்துப்பூச்சியைத் தேடி மலை மலையாக அலைகிறாள். கறுப்பு இறகில் சிவப்புப் பொட்டு வைத்திருக்குமே, ஊதாப் பூவில் போதையேறியவன் மாதிரி உட்கார்ந்திருக்கும், தொட்டால்கூட நகராது, அதுதான். லாஸ் புல்வெளியின் மண்டையோட்டுப் பலகைக்கு வெளியே நின்று முள் இடுக்கு வழியாகத் தொலைநோக்கியால் பார்த்தாள். "அக்கா, இவ்வளவு பூச்சிய நான் எங்கயுமே பாத்ததில்ல" என்றாள். "உள்ள போயிடாத பெண்ணே, அது முழுக்கக் கண்ணிவெடி. சண்டையப்ப எதிர்ப்படையில இருந்த ஒப்ராத்னு எங்க ஊர்ப் புண்ணியவான் வெச்சது" என்றேன்.

அப்போது அவள் ஒன்று கேட்டாள். "அப்போ இதை வருஷா வருஷம் அறுக்கறது யாரு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்தப் பைத்தியம் வெடிக்குள் இறங்கிப் புல் அறுப்பான்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹஸ்னியா

*

கிராட்ஸ்,
19 ஜூலை 2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது. பெஹியா ஸலாம் சொல்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் நீ பேச வேண்டாம். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. லாஸ் பக்கம் யாரும் போகக் கூடாது, நீயும் வேலி ஓரம்கூடப் போகாதே. வெடி பழசானால் இன்னும் மோசம் என்று இங்கே படித்தவர்கள் சொல்கிறார்கள். பூச்சி வேண்டுமென்றால் அவள் வேறு மலைக்குப் போகட்டும். முஸ்தஃபாவிடம் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பு. ஊர்த் தலைவர் என்று அவர் எதற்கு இருக்கிறார்?

பள்ளிவாசல் கூரைக்கு நான் அனுப்பிய தகடு வந்து சேர்ந்ததா? உனக்குக் காபிக்கொட்டையும் காலுறையும் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
ரமிஸ்

*

பொத்லாஸ்,
4 ஆகஸ்ட் 2002

தம்பி ரமிஸுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். காபிக்கொட்டை வந்தது. பாதியை யத்ராங்காவே குடித்துவிட்டாள். திட்டாதே. வீடு தேடி வந்தவளைக் காபி கொடுக்காமல் அனுப்ப நான் என்ன கல்லா?

அவள் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூச்சியின் புழு தரையோடு படரும் ஒரு மஞ்சள் பூச்செடியைத்தான் தின்னுமாம். அந்தச் செடிக்கு வெயில் வேண்டும். புல்லை அறுக்காமல் விட்டால் அது முழங்காலுக்கு வளரும், அப்புறம் முள் வரும், அப்புறம் காட்டுமரம் வரும். செடி நிழலில் செத்துப்போகும், பூச்சியும் போய்விடும். நம் மேலத்தெரு நிலங்களைப் பார், பத்து வருஷத்தில் முள்ளுக்குள் ஆடுகூட நுழைய முடியவில்லை. லாஸில் சாலையோரம் மட்டும்தான் முள் வேலிபோல அடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"கோடைக் கடைசியில, பூச்சி முட்டையிட்டு முடிச்சப்புறம், யாரோ பதமா அறுக்கறாங்க அக்கா. தெரிஞ்சவங்க அறுப்பு" என்றாள்.

முஸ்தஃபாவிடம் சொன்னேன். "ஆமா, கண்ணிவெடிக்குக் கால் மொளச்சு எந்திரிச்சு அறுக்குது. போ ஹஸ்னியா, போய் ஆட்டப் பாரு" என்றார். ஊரே சிரித்தது.

எதிர்க் குன்றில் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே ஏறினால் பள்ளம் தெரியும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். ஏறிப் பார்க்கலாமா என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஹஸ்னியா

*

பொத்லாஸ்,
29 ஆகஸ்ட் 2002

தம்பி,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. நீ நலமாக இரு. நான் உயிரோடு இருக்கிறேன்.

பார்த்துவிட்டேன்.

விடியற்காலையில் ஆடு மேலே ஓடிவிட்டது என்று குன்றில் ஏறினேன். பனி விலகிக்கொண்டிருந்தது. லாஸ் பள்ளத்தில் ஒரு ஆள். நீளக் கைப்பிடி அரிவாளை இடமும் வலமும் வீசிக்கொண்டு, நம் அப்பா அறுப்பாரே, அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தான். ரமிஸ், அவன் காலடியைப் பார்க்கவே இல்லை! ஒவ்வொரு வீச்சுக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது வெடிக்கும், இதோ இப்போது வெடிக்கும். அவன் நின்று அரிவாளைத் தீட்டினான், திரும்பினான். முகம் தெரிந்தது. ஒப்ராத்.

நம் புல்வெளியில் வெடி வைத்தவன், அதே புல்வெளியில், தன் வீட்டு முற்றத்தில் நடப்பதைப்போல.

நான் ஓடிப்போய் முஸ்தஃபாவிடம் சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு முதலில் உனக்கு எழுதியிருக்க வேண்டும். மதியத்துக்குள் ஊர் திரண்டுவிட்டது. "எங்கெங்க வெச்சன்னு ஒனக்குத் தெரியும்டா! தெரிஞ்சுக்கிட்டே எங்கள பத்து வருஷமா வெளிய நிக்க வெச்சிட்டு, ஒன் பசுவுக்குப் புல்லு அறுக்கறியா!" என்று கத்தினார்கள். அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். முஸ்தஃபாவின் மருமகன் கல்லால் அடித்தான். மண்டை உடைந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

அவன் அடிபட வேண்டும் என்று எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். பட்டபோது பார்க்க முடியவில்லை.

ஹஸ்னியா

*

கிராட்ஸ்,
11 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ பதற்றப்படாதே, உன் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. மாத்திரை அனுப்புகிறேன்.

ஒப்ராத் ஏதோ சொல்ல வாய் திறந்தார் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொன்னார்? உனக்கு எந்த வார்த்தை கேட்டது? அதற்குப் பிறகு யாரிடமாவது பேசினாரா? அதை மட்டும் உடனே எழுது.

அவர் வீட்டுக்கு நீ போகாதே. காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும்.

ரமிஸ்

*

பொத்லாஸ்,
25 செப்டம்பர் 2002

தம்பி ரமிஸுக்கு,

ஸலாம். உன் மாத்திரை வந்தது. பெஹியாவைக் கேட்டதாகச் சொல்.

போகாதே என்றாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். ஊரெல்லாம் "பலகைக்குப் பின்னால இன்னும் எத்தனை வெச்சிருக்கானோ" என்று பேசுகிறது. எனக்கு அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல்.

தலையில் கட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து பிளம் பழத்தைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். "உள்ள வான்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. நின்னுக்கிட்டே கேளு" என்றான்.

"எங்கெங்க வெச்சீங்க?"

"எங்கயும் வெக்கல."

"ஒப்ராத், எங்கிட்டயுமா பொய்?"

"கல்லு ஒடைக்கற எடத்துல வேல பாத்தவன், வெடி தெரியும்னு சொல்லி எங்க ஆபீசர் எங்கிட்ட ரெண்டு பெட்டி குடுத்தான். ஊர்ல இருந்து ஒருத்தனும் அந்த வழியா மேல ஏறக் கூடாதுன்னு. நான் பலகைய நட்டேன். கம்பியக் கட்டினேன். வெடிய எல்லாம் ஆத்துல தள்ளிட்டேன். ஆத்துல அப்ப வெள்ளம்ல? அடிச்சிட்டுப் போயிருச்சு."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே!" என்றான், என்னைவிட ஆச்சரியமாக. "அன்னிக்கே சொன்னேனே. ஒன் தம்பிகிட்ட. ஆலைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன். 'நாளைக்கு விடிஞ்சா ஆளுங்கள ஏத்திட்டுப் போக லாரி வரும். இன்னிக்கு இருட்டினதும் எல்லாரையும் லாஸ் வழியா கூட்டிட்டு ஏறிடு, பலகையப் பாத்து பயப்படாத, மண்ணுக்குள்ள ஒண்ணுமில்ல'ன்னு. அவன் போனான். நீங்க யாரும் போகல."

ரமிஸ், நான் சொன்னேன்: "என் தம்பி ஆத்துல நீந்தித் தப்பிச்சுப் போனவன்."

அவன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தான். "அப்படியா சொன்னான்?" என்றான். பிறகு மெதுவாக, "அந்த வாரம் வெள்ளம் பாலத்தையே தூக்கிட்டுப் போச்சே ஹஸ்னியா. அந்த ஆத்துலயா?"

பாலம் போனது எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். உன் முழங்கால் வலிக்கு நாங்கள் எல்லோரும் அந்த ஆற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாளும் நாங்கள் யோசித்ததில்லை.

"நீங்க என்னை நம்பலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றான். "உசுரு போற நேரத்துல நம்பாதவங்க புல்லுக்காகவா நம்பப் போறீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

"அப்போ எதுக்கு அறுத்தீங்க?"

"வருஷத்துக்கு ஒரு தடவ அதுல நடந்தாத்தான், நான் வெக்கலன்னு எனக்கே நம்பிக்கை வருது. ஊரு முழுக்க வெச்சேன் வெச்சேன்னு சொன்னா ஒரு நாளைக்கு நாமளும் நம்பிடுவோம்ல?"

இவ்வளவுதான். நீ எனக்கு ஒரு வரி எழுது. அவன் பொய் சொல்கிறான் என்று எழுது. நான் உன்னைத்தான் நம்புவேன். ஊர் அவனை என்ன செய்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஹஸ்னியா

*

கிராட்ஸ்,
14 அக்டோபர் 2002

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம், உன் நலம் நாடுகிறோம். இங்கே குளிர் முன்பே வந்துவிட்டது. வேலையிடத்தில் ஆள் குறைவு, இரண்டு ஷிஃப்டு பார்க்கிறேன், ஆகவே கடிதம் தாமதம். உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கியிருக்கிறோம். பெஹியாதான் தேர்ந்தெடுத்தாள், அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை. கை நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள். பள்ளிவாசல் கூரை வேலை முடிந்ததா? தகடு போதாவிட்டால் சொல். புகைக்கூண்டைச் சுத்தம் செய்யாமல் அடுப்பு மூட்டாதே.

ஒப்ராத்துக்கு இந்தக் குளிர்காலத்துக்கு விறகு இருக்கிறதா?

உன் தம்பி,
ரமிஸ்

*

பொத்லாஸ்,
23 அக்டோபர் 2002

ரமிஸ்,

கோட்டு அளவு சரியாக இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நம் நிலத்தில் வெடி வைத்தவனுக்கு விறகு இருக்கிறதா என்று கேட்கிறாய்.

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ. அடுப்பு அணைந்தது தெரியவில்லை. ஆடுகள் கத்தியதும் தெரியவில்லை.

லாரி வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். ஃபெஹிம் உனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தார். நீ பாதியில் எழுந்து போனாய். அவர் என்னிடம், "ஒன் தம்பி மொகமே சரியில்ல, என்னமோ சொல்ல வந்தான்போல" என்றார். நீ என்ன சொல்ல வந்தாய்?

ஹஸ்னியா

*

பொத்லாஸ்,
18 ஜனவரி 2003

ரமிஸுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்களா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரன் என் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள விரும்புவாய்.

ஒப்ராத்தைக் காவலர்கள் இரண்டு தடவை கூட்டிப்போய் விசாரித்தார்கள். வெடி இல்லை என்கிறான். இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? "நானே நடந்து காட்டறேன்" என்று கிளம்பினான். "எடம் தெரிஞ்சவன் நடக்கறது பெருசா?" என்று முஸ்தஃபா கேட்டார். கூட்டம் ஆமாம் என்றது. வெடி எடுக்கும் ஆட்கள் பள்ளிக்கூடங்களைச் சுற்றித்தான் முதலில் பார்ப்பார்களாம், புல்வெளியெல்லாம் எப்போது என்றே சொல்லவில்லை.

பனிவிழும் நாள் ஒன்றில் அவன் புல்போரை யாரோ கொளுத்திவிட்டார்கள். பசு கொட்டகையோடு வெந்துபோனது. அந்தச் சத்தம் என் வீடுவரை கேட்டது. மறுநாள் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் யாரும் உதவவும் போகவில்லை. கடைக்காரர் அவனுக்கு ரொட்டி விற்பதில்லை. நான் சுட்டு அவன் படலில் தொங்கவிட்டு வருகிறேன். அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அவனுக்கு இருமல் பலமாக இருக்கிறது.

உன் ஒரு வரி வந்தால் இது நிற்கும். ஊர் உன் பேச்சைத் தட்டாது. பள்ளிவாசல் கூரை கொடுத்தவன் நீ.

விறகு இல்லை, ரமிஸ். கேட்டாயே.

ஹஸ்னியா

*

கிராட்ஸ்,
27 ஜூன் 2003

மரியாதைக்குரிய நாத்தனார் ஹஸ்னியா அவர்களுக்கு,

பெஹியாவின் பணிவான ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக நினைக்காதீர்கள்.

குளிர்காலத்திலிருந்து உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. கோட்டுப்பையிலேயே வைத்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டால், "ஆத்தப் பத்தி" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். போன வாரம் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு மலைச்சரிவைக் காட்டினார்கள், பூவும் பூச்சியுமாக. அழகாக இருக்கிறதே என்றேன். எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவர் அழுவதைக் கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டதில்லை.

நேற்று வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். வேலைக்குப் போகவில்லையாம். பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்ததாக நம் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். பெட்டிகூட எடுத்துப்போகவில்லை.

அங்கே வந்தால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். அவர் உங்களுக்கு என்ன தீங்கு செய்திருந்தாலும், அக்கா, அதை எனக்கும் சொல்லுங்கள். தெரியாமல் பக்கத்தில் படுத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்,
பெஹியா

*

பொத்லாஸ்,
9 ஜூலை 2003

அன்புள்ள பெஹியாவுக்கு,

உன் நாத்தனாரின் ஸலாம். தந்தி கிடைத்திருக்கும். உன் கணவன் உயிரோடு இருக்கிறான், உடம்பில் ஒரு கீறலும் இல்லை. தெரியாமல் இருப்பது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தெரிந்துகொள்வதும் அப்படித்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அவன் அங்கிருந்து கிளம்பிய மறுநாள், வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரம். சாலையில் ரமிஸ் நடந்து வந்தான். முஸ்தஃபா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வாப்பா, வா! கூரை போட்ட மகராசன் வந்துட்டாருய்யா!" என்று ஓடினார். ரமிஸ் அவரைத் தாண்டிப் போனான். என்னையும் தாண்டித்தான் போனான். பார்த்தான், நிற்கவில்லை. நேராக லாஸ் வேலிக்குப் போய், மண்டையோட்டுப் பலகைக்குப் பக்கத்தில் முள்ளை விலக்கி உள்ளே கால் வைத்தான்.

பெஹியா, அந்தக் கூச்சலை நான் உனக்கு எப்படி எழுதுவேன்! "டேய் ரமிஸ்! பைத்தியமா ஒனக்கு! அசையாத, அப்படியே நில்லு!" என்று முஸ்தஃபா அலறினார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். பூச்சி பார்க்க மறுபடியும் வந்திருந்த யத்ராங்கா வாயைப் பொத்திக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. எனக்குத் தெரியும், அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வோர் அடிக்கும் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவன் நேர்கோட்டில் போகவில்லை. அங்குமிங்கும் போனான், பள்ளத்தில் இறங்கினான், குதிகாலால் தரையை மிதித்தான், ஓர் இடத்தில் குதித்தே காட்டினான். புல்லிலிருந்து அந்தக் கறுப்பும் சிவப்புமான பூச்சிகள் கிளம்பிக் கிளம்பி மறுபடி உட்கார்ந்தன. உச்சிவரை போனான். அங்கே நின்று திரும்பி எங்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் நின்றான். பிறகு இறங்கி வந்தான்.

வேலியருகே வந்ததும் சொன்னான்: "ஒப்ராத் அண்ணன் வெடி வெக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும். இதுல நடந்துதான் நான் போனேன்."

முதலில் எல்லோருக்கும் நிம்மதிதான் வந்தது, அவன் சாகவில்லையே என்று. அப்புறம்தான் ஒவ்வொரு முகமாக மாறியது. அன்று லாரியில் ஏற்றப்பட்டவர்களின் பெயரை ஒவ்வொருவரும் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. முஸ்தஃபாவுக்கு அதில் இரண்டு மகன்கள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரமிஸைப் பார்த்துவிட்டு, ஒப்ராத் வீட்டின் கருகிய கொட்டகையைப் பார்த்தார். எதற்கு முதலில் அழுவது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

நான்தான் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் ஒப்ராத் அண்ணன நம்பலக்கா" என்றான். "எல்லாரையும் கூட்டிட்டுப் போய், அது பொறியா இருந்து, எல்லாரும் செத்தா? மொதல்ல நான் மட்டும் போய்ப் பாத்துடலாம், ஒண்ணுமில்லன்னா திரும்பி வந்து கூட்டிட்டுப் போலாம்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சுக் கெளம்பினேன். மேல போய்ச் சேந்துட்டேன். வெடிக்கல. திரும்பிப் பாத்தேன். கீழ இருட்டு. நாய் கொலைக்குது. எறங்கணும்னு நெனச்சேன்க்கா. காலு வரல."

"எறங்கி வர எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஒரு சிகரெட்டு பிடிக்கற நேரம்."

அன்று ராத்திரி அவனுக்கு என் வீட்டுக் கதவைத் திறக்க என்னால் முடியவில்லை. திறந்தால் அவனை என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. ஒப்ராத் வந்து அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இப்போது அங்கேதான் இருக்கிறான். கொட்டகையைத் திரும்பக் கட்டுகிறார்கள். முஸ்தஃபாவின் மருமகன் ஒரு வண்டி பலகை கொண்டுவந்து படலுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போனான். ரமிஸைப் பார்த்ததும் தரையில் துப்பினான். இரண்டும் ஒரே நாளில். ஊர் அவனை என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

நீ வருகிறாய் என்றால் வா. என் வீட்டில் தங்கு. உனக்குக் கதவு திறந்தே இருக்கும்.

இன்னும் ஒன்று. நேற்று மதியம் நானே லாஸில் ஏறினேன். ஊரில் எல்லோரும் சாப்பாட்டில் இருந்த நேரம். அவன் சொன்ன அந்தச் சிகரெட்டு நேரம் சரியா என்று பார்க்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. சரிதான். அவ்வளவு நேரம்தான். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் வீடு, ஃபெஹிம் நட்ட பிளம் மரம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு கைக்குள் அடங்குவதுபோலக் கீழே இருந்தன. அது பட்டப்பகல், பெஹியா. கீழே துப்பாக்கி வைத்திருந்தவன் யாரும் இல்லை. காலடியில் எதுவும் இல்லை என்று தெரிந்தே ஏறினேன். ஆனாலும் இறங்கத் திரும்பியபோது என் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இதை அவனிடம் நீ சொல்லாதே. சொல்ல வேண்டியவள் நான்தான். இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

உன் நாத்தனார்,
ஹஸ்னியா